ஐந்தரை மணி அளவு

மார்ச் 3, ஞாயிறு

பாலத்துக்கு வந்து சேர்ந்தேன். கோயிலுக்குப் போகாமல் ஞாயிற்றுக்கிழமை கிளம்பியதற்கு மனைவி எஸ்தர் வாசல்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். முப்பது வருஷமாக என் வேலை பாலங்களைப் பரிசோதிப்பதுதான். பாலத்துக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது என்று அவளுக்கு இன்னும் புரியவில்லை.

ஆலங்கிணற்றுக்கு வெளியே, கருமணியாற்றின் மேல் ஆறு தூண்களில் நிற்கிற பழைய பாலம். டிசம்பர் வெள்ளத்தில் மூன்றாவது தூணின் அடிமண்ணை ஆறு தின்றுவிட்டது. தூணைச் சுற்றிப் புதுக் கான்கிரீட் போட்டு மூடியிருக்கிறார்கள். மறுபடி பஸ் விடலாமா என்று பார்த்துச் சொல்ல என்னை அனுப்பியிருக்கிறது கம்பெனி.

முறை எளிது. பாலத்தின் நடுப்பகுதியில் மணல் ஏற்றிய இரண்டு டிப்பர் லாரிகள் இருபது நாள் அசையாமல் நிற்கும். கீழே ஆற்று மணலில் இரும்புச் சாரம் கட்டி, அதன் உச்சியில் பாலத்தின் அடிவயிற்றைத் தொட்டபடி ஒரு டயல் கேஜ் வைத்திருக்கிறேன். கடிகாரம் போல முகமும் முள்ளும் உள்ள கருவி. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரை சொல்லும். பாலம் இறங்கினால் எண் கூடும், ஏறினால் குறையும். இருபது நாளில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இறங்கினால் பஸ் கிடையாது.

தினமும் காலை ஐந்தரைக்கு அளவு எடுக்க வேண்டும். வெயில் பட்டால் மேல்தளம் சூடாகிப் பாலம் முதுகை வளைத்து எழும்பும். உண்மையான இறக்கம் அதில் மறைந்துபோகும். இது தெரியாமல் மத்தியானம் அளந்துவிட்டு ‘பாலம் நலம்’ என்று எழுதிய இரண்டு பேரை நானே திட்டி ஊருக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஒருவர் பார்க்க, இன்னொருவர் எழுத வேண்டும் என்பது விதி. துணைக்கு வரவேண்டிய ஆளைக் கம்பெனி வேறு ஊருக்கு அனுப்பிவிட்டது. கேட்டால், “ரெண்டையும் நீங்களே பண்ணிருங்க, உங்களுக்குத் தெரியாததா” என்கிறார் மேனேஜர். இந்த மாதிரி ஐஸ் வைப்பதற்கு மயங்கும் வயசு எனக்குத் தாண்டிவிட்டது. ஆனாலும் சரி என்றேன்.

மார்ச் 4, திங்கள்

முதல் அளவு 4.10. டார்ச் உபயோகமில்லாதது. வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிறது, முள் தெரியவில்லை. மூன்று தடவை ஏறி இறங்கினேன்.

காவலுக்கு இருப்பவர் பலவேசம். அறுபது இருக்கும். சாரத்தின் அடியில் நின்றுகொண்டு, “மேல என்ன அண்ணாச்சி இம்புட்டு நேரம், பாலம் பேசுதா?” என்று கேட்டார். பேச்சுக்கு ஆள் கிடைத்தால் போதும் இவருக்கு.

மார்ச் 5, செவ்வாய்

டார்ச்சுக்குப் புது பேட்டரி போட்டேன். இப்போது ஒரு முள் இரண்டாகத் தெரிகிறது. நாலு பன்னிரண்டு, அல்லது நாலு பதினேழு. பன்னிரண்டு என்று எழுதினேன்.

மனசு கேட்காமல் பதினொரு மணிக்கு மறுபடி ஏறிப் பார்த்தேன். வானம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் பகல் பகல்தான். முள் பளிச்சென்று தெரிந்தது. 2.02. அதாவது பாலம் காலையிலிருந்து 2.10 எழும்பியிருக்கிறது.

டீக்கடையில் பேப்பர் வாசித்தேன். இப்போதெல்லாம் மையை மிச்சம் பிடிக்கிறார்கள். தலைப்பைத் தவிர ஒன்றும் ஒழுங்காக அச்சாவதில்லை.

மார்ச் 6, புதன்

4.13. சுமாராக.

மார்ச் 7, வியாழன்

ஐந்தரைக்குச் சாரத்தில் ஏறி இருபது நிமிஷம் நின்றேன். மார்ச் மாதத்தில் என்ன பனி இது. ஒன்றும் எழுதாமல் இறங்கிவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஏறினேன். 2.05. அதோடு 2.10 கூட்டினால் 4.15. பதிவேட்டில் ‘காலை 5.30: 4.15’ என்று எழுதினேன். வெயில் எவ்வளவு தூக்குகிறது என்று தெரிந்த பிறகு, எந்த நேரத்தில் அளந்தால் என்ன? கணக்குப் போடத் தெரியாதவனுக்குத்தான் ஐந்தரை மணி.

மார்ச் 8, வெள்ளி

4.16. நன்றாகத் தூங்கினேன் என்று எழுத ஆசை. தூங்கவில்லை.

மார்ச் 9, சனி

செண்பகவல்லி மேடம் வந்தார். நெடுஞ்சாலைத் துறையில் இந்தப் பாலத்துக்குப் பொறுப்பான உதவிப் பொறியாளர். முப்பது வயது இருக்கலாம். ஸ்கூட்டியை மணலிலேயே இறக்கிக்கொண்டு வருகிறார். பதிவேட்டை வாங்கி ஒரு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார்.

“நல்லாத்தான நிக்கி அண்ணாச்சி?”

“நிக்குது மேடம்.”

“அக்கரையில அஞ்சு ஊரு. ஆசுபத்திரிக்குப் போவணும்னாலும் நடந்துதான் வாராவ. பத்தாங்கிளாஸ் பரீட்ச வேற வருது. இருபத்தஞ்சாந்தேதி காலையில ஏழரை பஸ்ஸ விட்டுரணும்னு மேல இருந்து நெருக்குதாவ. நீங்க சரின்னு கையெழுத்துப் போட்டா நான் ரெண்டாவது தடவ பாக்க மாட்டேன்.”

இது பாராட்டு. பதிவேட்டை உடனே பைக்குள் வைத்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

4.17. எஸ்தர் போன் செய்தாள். பீரோவை ஒதுக்கும்போது ஜனவரி மாதத்து ஆஸ்பத்திரிச் சீட்டு கிடைத்ததாம்.

“இது என்ன சீட்டு? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சும்மா பாத்தது. கண்ணாடி மாத்தணும்னான், அவ்வளவுதான்.”

“சீட்டுல ஊசி போடணும்னு எழுதிருக்கே. எப்பம் வாரீய?”

வேலை நேரத்தில் போன் செய்யாதே என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணி அப்போது.

மார்ச் 11, திங்கள்

4.17. உட்கார முடியவில்லை. பாலத்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நாலு தடவை நடந்தேன். நடக்கிற ஜனங்கள் லாரிகளின் ஓரமாக ஒதுங்கிப் போகிறார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. பஸ் எப்பம்? நான் இந்தப் பாலத்தைச் சேர்ந்தவன் இல்லாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மார்ச் 13, புதன்

நேற்று இங்கே எழுதவில்லை. பதிவேட்டில் எழுதினேன். 4.18. இன்றும் 4.18. வெயில் மண்டையைப் பிளக்கிறது. போன வாரம் இப்படி இல்லை.

இந்த டைரியில் கோடுகள் மங்கலாக அச்சாகியிருப்பதாக இன்றைக்குக் குறை சொல்லி எழுத இருந்தேன். போதும். வேறு யாரும் படிக்கப்போவதில்லை, எழுதிவிடுகிறேன். சர்க்கரை விழித்திரைக்குப் போய்விட்டது. வலது கண்ணில் நடுவில் ஒரு புகை. இடது கண் பரவாயில்லை, நல்ல வெளிச்சத்தில் மட்டும். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொன்னார். அளவு பார்க்கிறவனுக்குக் கண் போனால் கம்பெனியில் அவனுக்கு என்ன வேலை? டீ வாங்கிக் கொடுக்கவா? இன்னும் இரண்டு வருஷம் ஓட்டிவிட்டால் கௌரவமாக மாலை வாங்கிக்கொண்டு வெளியே வரலாம் என்று இருந்தேன். பயமாக இருக்கிறது. ஜனவரியிலிருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன்.

மார்ச் 15, வெள்ளி

4.19. மேடம் போனில், “ரொம்ப அழகா நிக்கி அண்ணாச்சி, கோடு போட்ட மாதிரி” என்றார்.

கோடு போட்ட மாதிரித்தான் நிற்கிறது. அதுதான் இரண்டு நாளாக என்னை அரிக்கிறது. இவ்வளவு எடையைச் சுமக்கிற பழைய பாலம் இப்படி ஒழுங்காக இருக்காது. அரை மில்லியாவது இறங்கித்தான் நிற்க வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

4.20.

மார்ச் 18, திங்கள்

விடியும்போதே மேகம். எட்டு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதத்தில் மழையை யார் எதிர்பார்த்தார்கள். பத்தரைக்கு விட்டது. வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு வழக்கம்போல ஏறினேன்.

5.58.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இடது கண்ணால் மட்டும் பார்த்தேன். அப்போதும் 5.58. முதலில் தோன்றியது, இடது கண்ணும் போய்விட்டது என்பதுதான். பாலத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பலவேசத்தை மேலே கூப்பிட்டேன்.

“நான் எங்க அண்ணாச்சி, எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாதே.”

“கடிகாரம் பாப்பீயள்லா? அது மாதிரித்தான். சின்ன முள்ளு எங்க நிக்கி, பெரிய முள்ளு எங்க நிக்கி, அத மட்டும் சொல்லும்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி வந்தார். மூஞ்சியைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிதானமாகப் பார்த்தார். “சின்னது அஞ்சத் தாண்டிட்டு. பெரியது அம்பத்தெட்டுல நிக்கி. இல்ல, அம்பத்தெட்டு ஒட்டி.” இறங்கும்போது, “நீங்க ஏன் என்னப் பாக்கச் சொல்லுதீய?” என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன்.

என் கண் சரி. முள் சரி. இறங்கியது பாலம்.

அறைக்கு வந்து தாளில் போட்டுப் பார்த்தேன். போடவே வேண்டியதில்லை, நடந்து வரும்போதே புரிந்துவிட்டது. 2.10 என்று நான் பிடித்துக்கொண்ட எண், மங்கலான ஒரு நாளில், ஒரே ஒரு தடவை அளந்தது. அதன்பிறகு வெயில் ஏறிக்கொண்டே வந்தது. பாலம் பகலில் மூன்று மில்லிக்கு மேலேகூட எழும்பியிருக்கும். வெயில் கூடுதலாகத் தூக்கிய அளவுக்கு, பாலம் அடியில் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒன்றை ஒன்று சரிக்கட்டியது. நான் அதே 2.10ஐக் கூட்டிக் கூட்டி அழகாக எழுதிவந்தேன். இன்று வெயில் இல்லை, தூக்குவதற்கு ஆள் இல்லை. இருக்கிற இடத்தில் நின்றது.

படித்த முட்டாள் என்று என்னைத்தான் சொல்ல வேண்டும். படிக்காதவன் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. அவனுக்கு வெயிலுக்குக் கணக்குப் போடத் தெரியாது.

பதிவேட்டில் இன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

மார்ச் 19, செவ்வாய்

இன்றும் மேகம். பதினொரு மணிக்குப் பலவேசம் பார்த்தார். 5.70.

எழுதாமல் விடலாம். மழையால் சாரம் மணலில் அமிழ்ந்து கருவி கெட்டுவிட்டது, புதிதாக இருபது நாள் வேண்டும் என்று சொல்லலாம். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், என் பேரைச் சொல்லி, ‘ஞானதிரவியம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்’ என்பார்கள். ஆனால் துறையில் இன்னொரு இருபது நாள் தர மாட்டார்கள். இருக்கிற பதினாலு நாளை வைத்து முடித்துக்கொள்ளுங்கள் என்பார்கள். அந்தப் பதினாலும் தங்கமாக இருக்கிறதே.

சாயங்காலம் டீக்கடையில் ஒரு டிரைவர் உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை ஏழரை பஸ் அவருக்குத்தானாம். மூணு மாசத்துக்கு முந்தி ஓட்டிய அதே வழித்தடமாம். “எம் மவளும் அதுலதான் பரீட்சைக்குப் போறா” என்று கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். அதற்கப்புறம் எங்கெல்லாம் நடந்தேன் என்று தெரியவில்லை, செருப்பெல்லாம் சேறு.

மார்ச் 20, புதன்

சொல்லிவிட்டேன்.

காலை பத்து மணிக்கு மேடத்தின் ஆபீஸ். யாரோ இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போகும்வரை வராந்தாவில் நின்றேன். உள்ளே போய் உட்காராமலேயே ஆரம்பித்தேன், உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசிவிடுவேன் என்று பயம்.

“மேடம், பதிவேட்டுல உள்ளது அஞ்சரை மணி அளவு இல்ல. பதினோரு மணிக்குப் பாத்து, கூட்டி எழுதினது.”

அவருக்கு ஒரு நிமிஷம் பிடிபடவில்லை. பிறகு பேனாவை மூடி வைத்தார்.

“எத்தன நாளு?”

“பதினொண்ணு. ஏழாந்தேதியில இருந்து பதினேழு வரைக்கும்.”

“ஏன்?”

கண்ணைப் பற்றிச் சொன்னேன். ஜனவரியில் பார்த்தது, யாரிடமும் சொல்லாதது, எல்லாம். மூன்று வாக்கியத்துக்கு மேல் இல்லை. இத்தனை நாள் சுமந்தது மூன்று வாக்கியம்தான்.

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்து பாத்திருப்பேனே அண்ணாச்சி. எட்டு கிலோமீட்டர்தான எங்க வீடு” என்றார். அதன்பிறகு குரல் மாறிவிட்டது. “திங்கக்கிழம பஸ்ஸுன்னு அஞ்சு ஊருலயும் தண்டோரா போட்டாச்சு. உங்கள நம்பித்தான போட்டேன்.”

“இப்பமும் நம்புங்க மேடம். பாலம் இறங்குது.”

“நாளைக்கு அஞ்சு மணிக்கு வாரேன். அதுக்கப்புறம் பேசுவோம்” என்று சொல்லி, போனை எடுத்துக்கொண்டார். நான் நின்றுகொண்டிருப்பதை அவர் மறந்துவிட்ட மாதிரி இருந்தது. மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 21, வியாழன்

மேடம் சாரத்தில் ஏறினார். நான் கீழே நின்று எழுதினேன். முப்பது வருஷத்தில் நான் கீழே நின்றது இதுவே முதல் தடவை.

ஐந்தரை. “அஞ்சு தொண்ணூறு” என்றார்.

“திரும்பப் பாருங்க.”

“அஞ்சு தொண்ணூறுதான்.”

“டார்ச்ச பக்கவாட்டுல பிடிச்சுப் பாருங்க. நேரா அடிச்சா முள்ளு ரெண்டாத் தெரியும்.”

“எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது அண்ணாச்சி.”

முதல் நாளிலிருந்து 1.80 இறக்கம். எட்டு மணிக்கு லாரிகளை எடுத்தார்கள். எடை போனால் நல்ல பாலம் திரும்ப ஏறும். சாயங்காலம்வரை பார்த்தோம். இது முக்கால்வாசி ஏறவில்லை. தூண் உட்காருகிறதா, உத்திரம் தளர்கிறதா என்று இனி பெரிய பொறியாளர்கள் வந்து கண்டுபிடிப்பார்கள். இருட்டுவதற்குள் இரண்டு முனையிலும் சுவர் மாதிரி முள்கம்பி கட்டிவிட்டார்கள். பஸ் மட்டுமில்லை, ஆளும் நடக்கக் கூடாது.

பதினைந்து நாளில் இன்றுதான் படுத்ததும் தூக்கம் வருகிறது. அது எனக்கே பிடிக்கவில்லை.

மார்ச் 22, வெள்ளி

எழுத்துமூலம் கேட்டார்கள், கொடுத்தேன். பதினொரு நாள் அளவும் பொய்யான நேரம் போட்டு எழுதப்பட்டது, காரணம் என் பார்வைக் குறைவு, அதை மறைத்தது என் குற்றம். கையெழுத்து எங்கே போடுவது என்று தெரியவில்லை. மேடம் விரலை வைத்துக் காட்டினார்.

மேனேஜர் போனில் ஐஸ் எதுவும் வைக்கவில்லை. வீட்டுக்குப் போங்கள், கடிதம் வரும் என்றார். எஸ்தரை நானே கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “சாப்பிட்டீயளா” என்று கேட்டாள்.

இந்தப் பாலம் பஸ்ஸோடு விழுந்திருக்குமா, இன்னும் இருபது வருஷம் இப்படியே நின்றிருக்குமா? எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியாது.

மார்ச் 23, சனி

வீட்டிலிருந்து எழுதுகிறேன்.

என் ஊர் பஸ் அக்கரையில், ஐந்து ஊரையும் தாண்டிய மெயின் ரோட்டில் வரும். நானும் ஆற்றில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. மழைத் தண்ணீர் முழங்காலுக்கு ஓடியது. யாரோ கல் போட்டிருந்தார்கள். முன்னும் பின்னும் ஜனம், எல்லார் வாயிலும் வசவு. மூன்றாவது கல்லில் கால் இடறியது. எனக்குத் தண்ணீர் எது, கல் எது என்று பிரியவில்லை. முன்னால் பீடித்தட்டை இடுப்பில் வைத்துக்கொண்டு போன ஒரு பெண் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வயது இருக்கலாம்.

“பாத்து வாங்க அண்ணாச்சி. அந்தா அந்தக் கல்லு, ஆமா.” நடத்திக்கொண்டே அவள் பாட்டுக்குப் பேசினாள். “இருபது நாளா லாரிய நிப்பாட்டி வேடிக்க காட்டுனானுவ. திங்கக்கிழம பஸ்ஸுன்னானுவ. இப்பம் நடக்கவும் கூடாதாம். எந்த எடுபட்ட பய வந்து அளந்தானோ, அவன் வெளங்குவானா?”

நான் நின்றுவிட்டேன். நடு ஆறு.

“அது நான்தாம்மா.”

அவள் திரும்பிப் பார்த்தாள் என்பது தெரிந்தது. என்ன முகத்தோடு பார்த்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

“நெசமாவே இறங்கிட்டா?”

“இறங்கிட்டு.”

“எம்புட்டு?”

“ஒரு தீக்குச்சி கனம்.”

“தீக்குச்சி கனத்துக்கா எங்கள ஆத்துல இறக்கிவிட்டீரு?” என்றாள். “வயித்துப் பிள்ளக்காரிய இதுல எப்படிக் கூட்டிட்டு வாரது, சொல்லும். எம் மவளுக்கு இது எட்டாம் மாசம்.”

கரைவரை திட்டிக்கொண்டேதான் வந்தாள். நடுநடுவே, “இதுல வையும், அது ஆடும்” என்றாள். கையை விட்டது கரை ஏறிய பிறகுதான்.